விழாத பக்கம்

சண்டை போட்ட நாளிலிருந்து பெரியவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தொலைக்காட்சியில் மட்டும்தான் பேசினாள். காலைச் செய்தி, பகல் செய்தி என்று ஊருக்கெல்லாம் கணீரென்று வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கட்டின கணவருக்கு ஒரு 'உம்' கூடக் கிடையாது.

"நான் வேணா டிவிய போட்டு எதிர்ல உக்காந்துக்கறேன். அதுலதான் என் மூஞ்சியப் பாத்துப் பேசறே" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சண்டையின் காரணம் போன வாரமே வெளியாகிவிட்டது. ரயில் ஓட்டுநரான அவருக்குத் தொலைதூரப் பணிமனை ஒன்றுக்கு மாற்றல் வந்திருந்தது. வந்ததுகூடப் பெரிதில்லை. அதை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார் என்று அவருடன் வேலை பார்ப்பவரின் மனைவி கடைவீதியில் வைத்துச் சொன்னதுதான் பெரியவளைச் சுட்டது.

"ஊர்ச் செய்தியெல்லாம் எனக்கு முதல்ல வருது. என் வீட்டுச் செய்தி மட்டும் கடைசியா வருமா?"

அவர் பேச்சை மாற்றிக் காப்பி கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

இன்று காலையும் அப்படித்தான். வெளியே சோவென்று மழை. அவர் சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வரேன்" என்றார். பெரியவள் முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மாதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளை கிளம்பறார், காதுல விழலையா?"

"முதல் பக்கம் படிச்சிட்டிருக்கேன்மா."

"அது நேத்துப் பேப்பர்டி."

அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் பேப்பரின் செய்தி ஆசிரியரே அவள்தான். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில் என்று தீர்மானிப்பவள். மகள்கள் இருவரும் தொலைக்காட்சிக்குப் போனதில் அவளுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அந்தப் பெட்டிக்கு அவள் வைத்த பெயர் 'கத்தற பெட்டி'.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சின்னவள் கையசைத்தாள். "மாமா, இன்னிக்கு நானும் வெளியில போறேன். முதல் தடவை! ஆத்துல தண்ணி ஏறுதாம். என் மூஞ்சி டிவில வரும்!"

"பாத்து, வாண்டு. நீ வந்தா ஆறு பயந்து இறங்கிடப் போகுது." அவர் குடையை விரித்தார். "இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் ரயில ஓட்டறேன். நீங்க மூணு பேரும் சேந்து என்னை ஓட்டறீங்க."

போய்விட்டார். பெரியவள் நேற்றைய பேப்பரைக் கீழே வைத்து ஜன்னல் பக்கம் பார்த்தபோது தெருவில் குடை இல்லை.

* * *

சின்னவள் போன வாரம் வரை திரையின் அடியில் ஓடும் வரிச் செய்திகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அவள் அடித்த வரிகளை நாடே படித்தது. அவள் முகத்தை எதிர்வீட்டுக்காரர்கூடக் கண்டுகொண்டதில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வாய்ப்பு இது. வேலை என்னவோ சின்னதுதான். ஆற்றைக் காட்ட வேண்டும், கரையோர மக்கள் இரண்டு பேரிடம் கருத்து வாங்க வேண்டும், திரும்பிவிட வேண்டும்.

கூட வந்த கேமராக்காரர் தன் மழைக்கோட்டைக் கழற்றி கேமராவுக்குப் போட்டுவிட்டுத் தான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, உங்களுக்கு ஜுரம் வரப் போகுது."

"எனக்கு வந்தா மாத்திரை போட்டுக்கலாம். இதுக்கு வந்தா யாரு பாக்கறது?"

அவர்கள் நின்ற மேட்டிலிருந்து ரயில் பாலத்தின் இந்தப் பக்க முனை தெரிந்தது. நடு ஆற்றுக்கு மேல் மழைத் திரை. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் காப்பிக் கலரில், வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு போனது.

சின்னவள் மைக்கைப் பிடித்து ஒத்திகை பார்த்தாள். "கரைபுரண்டு ஓடும் இந்த ஆற்றின்..."

சத்தம் கேட்டது.

இடி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இடி வானத்திலிருந்து வரும். இது காலடியிலிருந்து வந்தது. கேமராக்காரர் எதுவும் பேசாமல் கேமராவைத் திருப்பினார். நடுத் தூண் ஒன்று, உட்காரப் போகிறவரைப் போல மெல்லச் சாய்ந்தது. அதன் மேலிருந்த தண்டவாளம் ஒரு கணம் காற்றில் வளைந்து நின்றது. அப்புறம் மொத்தமும் ஆற்றுக்குள் போயிற்று.

"அண்ணா! எடுத்தீங்களா?"

"பாதி." அவர் லென்ஸைத் துடைத்தார். "விழுந்த பாதி."

சின்னவள் ஏற்கெனவே ஸ்டூடியோவை அழைத்துக்கொண்டிருந்தாள்.

* * *

ஸ்டூடியோவில் அந்த நேரத்தில் பெரியவள் வானிலையை முடித்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் இருந்த சிறிய ஒலிபெருக்கியில் தயாரிப்பாளரின் குரல் வெடித்தது. அவருக்கு அலுவலகத்தில் 'அவசரம்' என்று பெயர். டீ வாங்கி வரச் சொன்னாலும் அந்தச் சொல்லோடுதான் ஆரம்பிப்பார்.

"அவசரம்! வானிலைய விடு. பிரேக்கிங்! ரயில் பாலம் இடிஞ்சு விழுந்திருக்கு. உன் தங்கச்சிதான் ஸ்பாட்ல. எழுத்து வருது, வாசி!"

எதிரே, கேமராவின் முன்கண்ணாடியில் எழுத்துகள் ஏறின. பார்வையாளரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்து வாசிப்பதுதான் அவள் தொழில். வாசித்தாள். பாலம் இடிந்தது. ஆற்றின் பெயர். அடுத்த வரி ஏறியது. அந்தப் பாதையில் காலையில் புறப்பட்ட பயணிகள் ரயில், அடுத்த நிலையத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அது அவர் ஓட்டும் ரயில்.

  அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

"எதிர் சேனல் போட்டுட்டான்!" காதுக்குள் அவசரம் கத்தினார். "'ஆற்றில் விழுந்தது ரயில், பலர் பலி?' நாமளும் போடறோம். வருது பாரு, வாசி!"

கண்ணாடியில் அதே வரி ஏறியது. கேள்விக்குறியோடு.

பெரியவள் வாசிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள். "பாலம் இடிந்தது உறுதியாகியிருக்கிறது. ரயில் என்ன ஆனது என்பது இதுவரை உறுதியாகவில்லை. சிறிய இடைவேளைக்குப் பிறகு சம்பவ இடத்திலிருந்து நேரலை."

இடைவேளை அவள் கையில் இல்லை. ஆனால் வாசிப்பவள் சொல்லிவிட்டால் விளம்பரம் போட்டுத்தானே ஆக வேண்டும். திரையில் சோப்பு நுரைத்தது. அவசரம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓடியே வந்துவிட்டார்.

"என்னம்மா பண்றே? ஒரு நிமிஷம் நாம பின்தங்கினா..."

"யார் பாத்தது சார், விழுந்தத?"

"கேள்விக்குறி போட்டிருக்கேன்ல!"

"கேள்விக்குறி போட்டா பொய் இல்லைன்னு ஆயிடுமா? அந்த ரயில்ல வந்தவங்க வீட்டுல இப்ப டிவி ஓடிட்டிருக்கும் சார். அவங்க கேள்விக்குறியப் பாக்க மாட்டாங்க." அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.  "எங்க வீட்டுல இப்ப யாரும் இல்ல. அதனால அங்க டிவி ஓடல."

அவசரத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "உன் வீட்டுக்காரரா?"

அவள் தலையசைத்தாள்.

அந்த மனிதர் எட்டு ஊருக்குக் கத்துபவர். இப்போது மெல்லச் சொன்னார். "எழுந்து வாம்மா. நான் வேற ஆளைப் போடறேன்."

"வேணாம் சார். வெளியில போய் உக்காந்தா யாராவது வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். இங்க இருந்தாத்தான் எனக்கு முதல்ல தெரியும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியைப் பார்த்து, "அந்த வரிய எடுத்துடுங்கப்பா" என்றார். வெளியே போகும்போது திரும்பி நின்று, "இது உன் வீட்டுக்காரர்ங்கறது இந்த அறையை விட்டு வெளியில போகாது. நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேசை மேலிருந்த போன் அதிர்ந்தது. அம்மா.

"நான் சொல்றத மட்டும் கேளு" என்றாள் அம்மா, வணக்கம் வழக்கம் எதுவும் இல்லாமல். "பாலத்துக்கு முந்தின ஸ்டேஷன்ல எங்க பகுதி நேர நிருபர் இருக்கார். நேர்ல போய்க் கேட்டுட்டார். ரயில் அங்கேருந்து கிளம்பியிருக்கு. பாலத்துக்கு வர்றதுக்குள்ள என்ன ஆச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியும்னு சொல்றவன் புளுகறான். புரியுதா?"

"ம்."

"என் பேப்பர் சங்கதிய இன்னொரு இடத்துக்குச் சொல்றது இதுதான் முதல் தடவை." அம்மா நிறுத்தினாள்.  "முதுகை நேரா வச்சுக்க. கூன் போட்டா குரல் இறங்கும்."

காதுக்குள் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்து முதுகை நிமிர்த்தினாள்.

* * *

ஆற்றங்கரையில் சின்னவளின் முடி முகத்தில் ஒட்டிக்கிடந்தது. அவளுக்கும் தெரியும், அது யார் ரயில் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். போன்கள் எல்லாம் செத்துவிட்டன. கேமராக்காரர் முதுகில் சுமந்திருந்த நேரலைப் பை ஒன்றுதான் எப்படியோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது வழியாகத்தான் படமும் பேச்சும் போயின, வந்தன.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரோ அவள் காதில் கேட்டார்கள். "ரயில் விழுந்த சத்தம் கேட்டுதுன்னு சொல்லலாமா?"

"பாலம் விழுந்த சத்தம்தாங்க கேட்டுது."

"ரெண்டும் சேந்து கேட்டிருக்கலாமில்ல?"

"எனக்குக் காது ரெண்டு. கேட்ட சத்தம் ஒண்ணு" என்றாள் சின்னவள்.

அதற்குள் நேரலை தொடங்கிவிட்டது. காதில் அக்காவின் குரல் வந்தது. வீட்டில் 'அடியே, துண்ட எங்க போட்டே' என்று கேட்கும் அதே குரல்தான். ஆனால் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

"நிருபர் சம்பவ இடத்தில் இருக்கிறார். நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன? அதை மட்டும் சொல்லுங்கள்."

அதை மட்டும். சின்னவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கால் தரையில் ஊன்றியது.

"பாலத்தின் நடுத் தூண் சாய்ந்ததைப் பார்த்தேன். அதன் மேலிருந்த பகுதி ஆற்றில் விழுந்ததைப் பார்த்தேன். ரயிலைப் பார்க்கவில்லை. மறு கரையை மழை மறைத்திருக்கிறது. ரயில் வந்ததா, நின்றதா, இங்கிருந்து சொல்ல முடியாது."

"நன்றி. தொடர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்."

அது வழக்கமாக நேயர்களுக்குச் சொல்வது. இப்போது தங்கைக்குச் சொன்னாள்.

சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் எரிந்தது. எதிர் சேனல் பலி எண்ணிக்கையே போட ஆரம்பித்துவிட்டதாகக் காதில் யாரோ சொன்னார்கள். பக்கத்தில் கூடியிருந்தவர்களில் ஒரு பெண் டீக்கடை டிவியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யாருக்காக அழுகிறாளோ, கேட்கச் சின்னவளுக்குத் தைரியம் வரவில்லை.

மழை கொஞ்சம் மெலிந்தது.

"வாம்மா இங்க." கேமராக்காரர் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை. "அதோ, மறு கரை. கலர் கலரா அசையுது. பூச்செடியா?"

அவள் சின்னத் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வரிசையாக நகர்ந்தன.

"அண்ணா... செடி நடக்காதுண்ணா!"

"குடை!"

"குடை! ஆளுங்க! தண்டவாளத்து மேல நடந்து போறாங்க!" சின்னவள் மைக்கைப் பிடித்திருப்பதையே மறந்து கத்தினாள். "இன்னும் கிட்ட கொண்டு வாங்க! இடது பக்கம், இடது பக்கம்... எஞ்சின் விளக்கு! எரியுதுண்ணா!"

ஸ்டூடியோவில் அந்தக் கத்தல் அப்படியே ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"என்ன தெரிகிறது உங்களுக்கு?" பெரியவளின் குரலில் இஸ்திரி கலைந்துவிட்டது.

"ரயில் நிக்குது! முழுசா நிக்குது! பாலத்துக்கு அந்தப் பக்கம்!"

"அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்?"

"விழாத பக்கம்!"

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அவசரம் நாற்காலி மேல் ஏறி நின்றார். அவர் எதற்கு ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. பெரியவள் ஊருக்கு அறிவித்தாள். "ரயில் ஆற்றில் விழவில்லை. மீண்டும் சொல்கிறேன், ரயில் விழவில்லை. பயணிகள் இறங்கிப் பாதுகாப்பாக நடந்து செல்வதை எங்கள் கேமரா காட்டிக்கொண்டிருக்கிறது."

ஊரில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருப்பார்கள்! சொன்னவளுக்குத்தான் இன்னும் பாதி மூச்சு வரவில்லை. எஞ்சினின் மூக்கு பாலத்தின் உடைந்த விளிம்பில் தொங்கலாக நிற்பது படத்தில் தெரிந்தது. குடைகளில் எதுவும் அவருடையது இல்லை. ஓட்டுநரின் அறையில் ஆள் அசைவு இல்லை.

"தங்கச்சிய அங்க அனுப்பறேன்" என்றார் அவசரம் காதுக்குள், இதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத குரலில். "சாலைப் பாலம் வழியா போயிடலாம். நீ வாசிச்சிட்டே இரு."

* * *

சேனல் வண்டி சேற்றில் வழுக்கி வழுக்கிச் சாலைப் பாலத்தைத் தாண்டியது. போலீஸ்காரர் மறித்தார். சின்னவள் அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் அசையவில்லை. "அந்த ரயிலை ஓட்டினது எங்க மாமா சார்" என்று அட்டையை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அவளும் கேமராக்காரரும் ஜல்லியில் ஓடினார்கள். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் பயணிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில், யாரோ ஒருவரின் பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு, யாரோ ஒருவரின் பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்தார்.

"மாமா!"

நிமிர்ந்து பார்த்தார். "வாண்டு? நீ எப்படி இங்க?"

அவள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதாள். துண்டு கொடுத்த அம்மாள், "அழாதே கண்ணு. உன் மாமாதான் எங்க எல்லாருக்கும் உசிரு பிச்சை போட்டாரு" என்றாள்.

"உங்க அக்கா எதுவும் பேசினாளா?" அவர் மெல்லக் கேட்டார்.

"காலைலேருந்து ஊருக்கே பேசிட்டிருக்கா. உங்களுக்கும் சேத்துத்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி மாமா நிறுத்தினீங்க?"

"பாலத்தோட கைப்பிடிக் கம்பி தூரத்துலேருந்து பாத்தா நேர்கோடா தெரியும். இன்னிக்கு நடுவுல தொய்ஞ்சு தெரிஞ்சுது. மனசுல ஏதோ பட்டுது. பிரேக்கப் பிடிச்சுட்டேன். எஞ்சின் பாலத்து மேல ஏறித்தான் நின்னுது. எல்லாரையும் பின்பக்கமா இறக்கி விட்டேன். கடைசி ஆள் இறங்கினப்புறம்தான் தூண் போச்சு."

"சிக்னல்?"

அவர் டீயைக் கீழே வைத்தார். துண்டு கொடுத்த அம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சின்னவளைத் தள்ளி அழைத்துப் போனார். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பச்சை. பளிச்னு பச்சை. இப்ப மேலதிகாரி ஒருத்தர் இதுல பேசினார். சிவப்பு எரிஞ்சுது, அதனாலதான் நிறுத்தினேன்னு சொல்லணுமாம். பேப்பர்க்காரங்க வந்தா வாயத் திறக்கக் கூடாதாம்."

சின்னவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இன்று காலை வாசலில் கையசைத்த பெண் சட்டென்று வளர்ந்துவிட்டாற்போல் இருந்தது அவருக்கு.

"மாமா, இப்ப நீங்க பேசிட்டிருக்கறது மச்சினிச்சிகிட்டயா, நிருபர்கிட்டயா? மச்சினிச்சின்னா இது என் வயித்தோட போயிடும். அக்காகிட்டகூடச் சொல்ல மாட்டேன். நிருபர்னா கேமரா ஓடும். ரெண்டும் கலந்து கிடையாது. நீங்களே சொல்லுங்க."

 ஆற்றைப் பார்த்தார். துண்டு கொடுத்த அம்மாளைப் பார்த்தார். அவள் மடியில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"அந்தக் கருவிய மாட்டி விடு காதுல" என்றார்.

* * *

ஸ்டூடியோவில் அவசரம் கத்தினார். "ஓட்டுநர் கிடைச்சுட்டார்! லைவ்!" அடுத்த கணமே குரலைத் தாழ்த்தினார். "முடியுமாம்மா உன்னால?"

பெரியவள் தலையசைத்தாள். பக்கத்துத் திரையில் அவர் வந்தார். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. தோளில் பூப்போட்ட துண்டு. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. இரண்டையும் விழுங்கினாள்.

"வணக்கம். நீங்கள்தான் அந்த ரயிலின் ஓட்டுநரா?"

"ஆமாங்க" என்றார் அவர். கட்டின மனைவிக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் போட்ட 'ங்க'.

"உங்களுக்கு அடி ஏதும்?"

"இல்லீங்க. டீ கூடக் குடிச்சுட்டேன். வீட்டுல கவலைப்பட வேண்டாம்."

கேமராவுக்குப் பின்னால் ஒப்பனைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்கண்ணாடியில் அடுத்த கேள்வி ஏறியது. ரயில்வே தரப்பிலிருந்து சற்றுமுன் வந்த அறிக்கையை வைத்து யாரோ அவசரமாக அடித்தது. பெரியவள் வாசித்தாள்.

"சிக்னல் சிவப்பாக இருந்ததாகவும், அதனால்தான் ரயில் நின்றதாகவும், பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்ததாகவும் அதிகாரிகள் தெரிவித்திருக்கிறார்கள். அப்படித்தானா?"

திரையில் அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இல்லீங்க. பச்சை எரிஞ்சுது."

கட்டுப்பாட்டு அறையில் அவசரம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சிவப்புன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்ல மாட்டேன். அந்தப் பாலத்துச் சிக்னல் தப்பு தப்பா எரியுதுன்னு நான் ஏற்கெனவே மேல சொல்லியிருக்கேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல. தினமும் அவ்வளவு பேரை ஏத்திக்கிட்டு பயந்து பயந்து ஓட்ட முடியலீங்க. அதனாலதான் இந்தப் பாதையே வேணாம்னு மாற்றல் கேட்டேன். வீட்டுல சொன்னா அவங்களும் தினம் பயப்படுவாங்களேன்னு சொல்லல. அது தப்புதான்."

முன்கண்ணாடி காலியாகக் கிடந்தது. இதற்கு அடுத்த கேள்வியை யாரும் அடித்து வைத்திருக்கவில்லை. பெரியவள் அந்த வெற்றுக் கண்ணாடியை ஒரு மூச்சு நேரம் பார்த்தாள்.

"உங்கள் வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்றாள். குரல் ஒரு இழை பிசிறியது. உடனே சரியாகிவிட்டது. "அவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். சொல்லுங்கள். சிவப்பு என்று சொல்லச் சொன்னது யார்?"

அவர் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. ஒரு கை அதை நோக்கிப் போயிற்று. அந்த நேரம் பார்த்து நேரலைப் பை மூச்சை நிறுத்தியது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, திரை கறுத்தது.

* * *

நாளிதழ் அலுவலகத்தில் அம்மா கத்தற பெட்டியின் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. செய்திப் பிரிவான டெஸ்க் முழுக்க, பேனாவும் கையுமாக அவளைச் சுற்றி நின்றது.

"முதல் பக்கத்தை முழுசா காலி பண்ணுங்க" என்றாள் திரும்பாமலே. "அந்தச் சிக்னலைப் பத்தி முன்னாடி யார் யார் புகார் குடுத்தாங்கன்னு கேளுங்க. அவர் ஒருத்தர் பேச்சை மட்டும் வச்சு எழுதக் கூடாது. எனக்கு மாப்பிள்ளைங்கறதால ரெண்டு மடங்கு சரிபாக்கணும்."

மேசையில் போன் அடித்தது. எடுத்தாள்.

மறுமுனைக் குரல் பட்டுப்போல் வழுவழுவென்றிருந்தது. "அம்மா, ரயில்வேலேருந்து பேசறோம். ஓட்டுநர் உங்க மருமகன்னு எங்களுக்குத் தெரியும். இளம் வயசு, ஏதோ அதிர்ச்சியில உளறிட்டார். நாளைக்குப் பேப்பர்ல இது வராம நீங்க பாத்துக்கிட்டா, அவர் வேலைக்கு ஒண்ணும் வராம நாங்க பாத்துக்குவோம். குடும்பம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

டெஸ்க்கில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"நல்லா சத்தமா, நிதானமா சொல்லுங்க" என்றாள். "உங்க பேரும் பதவியும். எங்க பேப்பர்ல எழுத்துப்பிழை வரக் கூடாது."